கணிப்பொறி கண் விழிக்கும் வரிசை

கணிப்பொறியின் பொத்தானை அழுத்துகிறீர்கள். திரை இருட்டாக இருக்கிறது. பிறகு ஒரு சின்னம் தோன்றுகிறது. இன்னும் சிறிது நேரம் கழித்து, உங்கள் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கிறது. இந்த இடைவெளியில் உள்ளே என்ன நடக்கிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

அந்தச் சில நொடிகளில் பல பத்துப் புரோகிராம்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுகின்றன. ஒன்று வட்டைச் சோதிக்கிறது. ஒன்று வலையமைப்பைத் திறக்கிறது. ஒன்று கடிகாரத்தைச் சரிபார்க்கிறது. ஒன்று நடப்பதையெல்லாம் பதிவேட்டில் எழுதத் தொடங்குகிறது. இவற்றில் எது முதலில் எழ வேண்டும், எது பின்னால் எழ வேண்டும்? அதை முடிவு செய்வது யார்?

உங்கள் வீட்டுக் காலை வேளையையே எடுத்துக்கொள்ளுங்கள். அடுப்பை மூட்டாமல் பாலைக் காய்ச்ச முடியாது. பால் காயாமல் காப்பி கிடையாது. ஆனால் நீங்கள் குளிப்பதற்கும் பால் காய்வதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கலாம். கணிப்பொறியின் காலை வேளையும் இதைப் போன்றதுதான். யூனிக்ஸ் என்னும் இயக்க முறையும் அதன் வழியில் வந்த லினக்ஸ் முதலானவையும் இந்தக் காலை வேளையை ஒழுங்குபடுத்தக் கற்றுக்கொண்ட கதையைப் பார்ப்போமா?

ஒன்றாம் எண் புரோகிராம்

பொத்தானை அழுத்தியதும், கணிப்பொறிக்குள்ளேயே நிலையாகப் பதிந்திருக்கும் ஒரு சிறு புரோகிராம் ஓடுகிறது. அது வட்டிலிருந்து இன்னொரு சிறு புரோகிராமை எடுத்து ஓட்டுகிறது. அது இயக்க முறையின் கருவை நினைவகத்தில் ஏற்றுகிறது. இந்தக் கருவுக்குக் கெர்னல் என்று பெயர். கெர்னல் தன்னைச் சரிசெய்துகொண்ட பிறகு ஒரே ஒரு புரோகிராமை மட்டும் எழுப்புகிறது. அதன் பெயர் இனிட். அதற்கு எண் 1.

அதற்குப் பிறகு நீங்கள் பயன்படுத்தும் எல்லாப் புரோகிராம்களும் நேராகவோ வழிவழியாகவோ இந்த இனிட் பெற்ற பிள்ளைகளே. மற்றவர்களை எழுப்பும் பொறுப்பு முழுவதும் அதனிடம் வந்துவிடுகிறது. ஆனால் யாரை எழுப்புவது, எந்த வரிசையில் எழுப்புவது என்பது இனிட்டுக்குத் தானாகத் தெரியாது. அதை மனிதர்கள் எழுதி வைக்க வேண்டும். கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த கோப்புக்கு ஸ்கிரிப்ட் என்று பெயர். இந்தத் தொடக்க ஸ்கிரிப்டுகளை எப்படி அடுக்கி வைப்பது என்பதே நம் கட்டுரையின் பொருள்.

ஆர்.சி. என்ற இரண்டு எழுத்து

யூனிக்ஸ் கணிப்பொறிகளில் பல கோப்புகளின் பெயரில் ஆர், சி என்ற இரண்டு எழுத்துகள் இருக்கும். இவை யூனிக்ஸை விடப் பழமையானவை.

1960களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சி.டி.எஸ்.எஸ். என்ற இயக்க முறை இருந்தது. ஒரே கணிப்பொறியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்த அது வழி செய்தது. அங்கே பணியாற்றிய லூயி பூஸான் என்ற பிரெஞ்சு அறிஞருக்கு ஓர் எண்ணம் தோன்றியது. ஒரே கட்டளைகளைத் தினமும் திரும்பத் திரும்பத் தட்டுவது ஏன்? அவற்றை ஒரு கோப்பில் எழுதிவிட்டால், கணிப்பொறியே அவற்றை வரிசையாகப் படித்துச் செய்யாதா? அவர் எழுதிய அந்த வசதிக்கு ரன்காம் என்று பெயர். 'கட்டளைகளை ஓட்டு' என்ற பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கம் அது.

1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸை உருவாக்கத் தொடங்கினார்கள். ரன்காம் என்ற பெயர் அங்கே ஆர்.சி. என்று சுருங்கி நிலைத்தது. இன்று ஆண்ட்ராய்டு தொலைபேசியின் உள்ளேயும் இனிட் என்ற முதல் புரோகிராம் இருக்கிறது. அது படிக்கும் தொடக்கக் கோப்புகளின் பெயரும் ஆர்.சி. என்றே முடிகிறது. அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பெயர் உங்கள் வீட்டுத் தொலைபேசிக்குள் இருக்கிறது என்றால் வியப்பாக இல்லையா?

எல்லாம் ஒரே தாளில்

1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் தொடக்க வேலைகள் அனைத்தும் ஆர்.சி. என்ற ஒரே கோப்பில் இருந்தன. அது மிகச் சிறியது. தற்காலிகக் கோப்புகளை அழிக்கும். அப்டேட், கிரான் என்ற இரண்டு பணியாள் புரோகிராம்களை எழுப்பும். நினைவகத்தில் தேங்கிய எழுத்துகளை 30 நொடிக்கு ஒருமுறை வட்டில் சேர்ப்பது அப்டேட்டின் வேலை. குறித்த நேரத்தில் குறித்த வேலையைத் தொடங்குவது கிரானின் வேலை.

இந்த முறையில் ஒரு பெரிய நன்மை உண்டு. கோப்பை மேலிருந்து கீழாகப் படித்தால் போதும், கணிப்பொறி எப்படி விழிக்கிறது என்பது முழுவதும் விளங்கிவிடும்.

வரிசை ஏன் அவ்வளவு முக்கியம்? ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். மின்சாரம் திடீரென்று போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டில் எழுதிக்கொண்டிருந்த வேலை பாதியில் நின்றுவிடுகிறது. எந்த இடம் காலி, எந்த இடம் நிரம்பியது என்று காட்டும் அட்டவணை தவறாகிவிடலாம். ஏற்கனவே ஒரு கோப்பு இருக்கும் இடத்தை அந்த அட்டவணை காலி என்று காட்டலாம். இந்த நிலையில் வேறொரு புரோகிராம் எழுந்து, அந்த இடத்தில் புதிதாக எழுதிவிட்டால் என்ன ஆகும்? பழைய கோப்பு போயே போய்விடும். அது ஒரு மருத்துவமனையின் நோயாளிப் பதிவேடாக இருந்தால்?

ஆகவேதான் வட்டுச் சோதனை முதலில் நடக்க வேண்டும். அது முடியும்வரை முதன்மை வட்டைப் படிக்க மட்டும் திறந்து வைப்பார்கள், எழுத விடமாட்டார்கள். சோதனை முடிந்த பிறகே எழுதும் உரிமை வரும். பின்னாளில் வந்த கோப்பு முறைகள், செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே நாட்குறிப்பு போல எழுதி வைத்து இந்த ஆபத்தைப் பெரிதும் குறைத்துவிட்டன. ஆனாலும் 'முதலில் சோதனை, பிறகு எழுத்து' என்ற வரிசை மாறவில்லை.

1980களில் கணிப்பொறிகள் ஒன்றோடொன்று வலையமைப்பில் இணைந்தன. எழுப்ப வேண்டிய புரோகிராம்கள் பெருகின. ஒரே தாள் நீண்டுகொண்டே போனது. அதன் நடுவில் ஒரு கட்டளை முடியாமல் காத்து நின்றால், அதற்குக் கீழே உள்ள எல்லாம் நின்றுவிடும். யாரோ ஒருவர் ஓர் எழுத்தைத் தவறாகத் தட்டினால் கணிப்பொறி எழாமலே போகலாம். புதிதாக ஒரு புரோகிராமை வாங்கி நிறுவினால், அது அந்தப் பொதுத் தாளுக்குள் புகுந்து திருத்த வேண்டும். எங்கே செருகுவது என்று ஒரு புரோகிராமுக்கு எப்படித் தெரியும்?

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வளர்ந்த யூனிக்ஸில் ஒரு பாதித் தீர்வு இருந்தது. எல்லாக் கணிப்பொறிக்கும் பொதுவானதை ஆர்.சி. கோப்பில் வைத்தார்கள். இந்த ஒரு கணிப்பொறிக்கு மட்டும் உரியதை ஆர்.சி.-லோக்கல் என்ற தனிக் கோப்பில் வைத்தார்கள். இயக்க முறையின் புதிய பதிப்பு வந்தால் முதல் கோப்பை மாற்றிவிடலாம். நீங்கள் எழுதிய இரண்டாவது கோப்பு அப்படியே இருக்கும். 'கொடுத்தது வேறு, நாம் சேர்த்தது வேறு' என்ற இந்தப் பிரிவினை இன்றும் நல்ல ஒழுங்கின் முதல் விதி.

எண் போட்ட கோப்புகள்

பெல் ஆய்வுக்கூடத்தின் தாய் நிறுவனமான ஏ.டி. அண்ட் டி. 1983இல் யூனிக்ஸ் சிஸ்டம் ஃபைவ் என்ற பதிப்பை வெளியிட்டது. இந்த வழியில் வந்த யூனிக்ஸ்களில் வேறொரு முறை வளர்ந்தது. ஒரு வேலைக்கு ஒரு ஸ்கிரிப்ட் என்று பிரித்தார்கள். எல்லாவற்றையும் ஒரே டைரக்டரியில், அதாவது கோப்புகளை வைக்கும் ஒரே உறையில், போட்டார்கள்.

அடுத்து, கணிப்பொறிக்குப் பல 'ஓட்ட நிலைகள்' வகுத்தார்கள். 0 என்றால் நிறுத்தம். 1 என்றால் பழுதுபார்ப்பவர் ஒருவர் மட்டும் பயன்படுத்தும் நிலை. 6 என்றால் நிறுத்தி மறுபடி தொடங்குதல். ஒவ்வொரு நிலைக்கும் ஒரு தனி டைரக்டரி. அதற்குள் ஸ்கிரிப்டுகள் இருக்காது. அவற்றைச் சுட்டும் இணைப்புகள் மட்டும் இருக்கும். நூலகத்தில் புத்தகம் ஒன்றுதான். ஆனால் ஆசிரியர் பெயரில் ஓர் அட்டை, தலைப்பின் பெயரில் ஓர் அட்டை என்று பல அட்டைகள் இருக்கும் அல்லவா? அதுபோலத்தான்.

இணைப்பின் பெயரில்தான் சூட்சுமம் இருக்கிறது. எஸ் என்று தொடங்கினால் 'எழுப்பு'. கே என்று தொடங்கினால் 'நிறுத்து'. அடுத்து இரண்டு இலக்க எண். அதன்பின் வேலையின் பெயர். லினக்ஸில் ரெட் ஹாட் என்ற வெளியீட்டில் வலையமைப்புக்கு எஸ்10, பதிவேட்டுக்கு எஸ்12, அஞ்சலுக்கு எஸ்80 என்று இருந்தது. அந்த வெளியீட்டின் லோக்கல் கோப்புக்கு எஸ்99. அதாவது எல்லோருக்கும் கடைசி. இனி, புதிய புரோகிராம் எந்தப் பொதுத் தாளையும் திருத்த வேண்டாம். தன் கோப்பைப் போட்டு, ஓர் எண்ணுடன் இணைப்பை வைத்தால் போதும். நீக்குவதும் எளிது, இணைப்பை எடுத்துவிடலாம்.

எண் ஏன் இரண்டு இலக்கம்? ஒரு சிறு கேள்வி: எஸ்9, எஸ்10 இரண்டில் எது முதலில் வரும்? எஸ்9 என்கிறீர்களா? கணிப்பொறி இங்கே பெயர்களை அகராதி வரிசையில் அடுக்குகிறது. அகராதியில் ஒவ்வோர் எழுத்தாகத்தானே ஒப்பிடுவோம்? 9க்கு முன்னால் 1 வந்துவிடும். ஆகவே எஸ்10 முந்திக்கொள்ளும்! எஸ்09 என்று எழுதினால்தான் வரிசை சரியாகும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. எண்களுக்கு நடுவே இடம் விட்டு வைப்பார்கள். அக்காலத்தில் பேசிக் மொழியில் புரோகிராம் எழுதியவர்கள் வரிகளுக்கு 10, 20, 30 என்று எண் போட்டதும் இதற்காகத்தான். நாளைக்கு நடுவில் ஒன்றைச் செருக வேண்டி வரலாம் அல்லவா?

எண் சொல்லாத செய்தி

இந்த முறை பல ஆண்டுகள் நன்றாகவே உழைத்தது. ஆனாலும் அதில் ஒரு குறை ஒளிந்திருந்தது.

ஒரு ஸ்கிரிப்டுக்கு 55 என்ற எண் இருக்கிறது. ஏன் 55? வலையமைப்புக்குப் பின்னால் வர வேண்டும் என்பதாலா? பதிவேட்டுக்குப் பின்னால் வர வேண்டும் என்பதாலா? அல்லது 54 ஏற்கனவே யாருக்கோ போய்விட்டது என்பதாலா? எண் இடத்தைச் சொல்கிறது, காரணத்தைச் சொல்லவில்லை. காரணம், எண் போட்டவரின் மனத்தில் மட்டுமே இருக்கிறது. அவர் வேலையை விட்டுப் போய்விட்டால் காரணமும் அவரோடு போய்விடும். பின்னால் வருபவர் அதைத் தொடவே அஞ்சுவார். தொட்டால் எது உடையும் என்று தெரியாதே!

இன்னொன்று. எண் போட்டால் எல்லோரும் ஒரே வரிசையில் நின்றாக வேண்டும். ஒருவருக்கொருவர் தொடர்பே இல்லாதவர்களும் காத்திருக்க வேண்டும். பால் காயும்வரை நீங்கள் குளிக்கக்கூடாது என்பது போன்றது இது.

தேவையைச் சொன்னால் போதும்

2000ஆம் ஆண்டு வெளிவந்த நெட்-பி.எஸ்.டி. 1.5 என்ற இயக்க முறையில் இதற்கு ஓர் அழகான வழி வந்தது. இந்தப் புதிய அமைப்பை லூக் மியூபர்ன் ஒரு கட்டுரையில் விளக்கியிருக்கிறார். ஒவ்வொரு ஸ்கிரிப்டின் தலைப்பிலும் சில குறிப்பு வரிகள் இருக்கும். 'நான் தருவது இது' என்று ஒரு வரி. 'எனக்கு முன்னதாக வேண்டுவது இது' என்று இன்னொரு வரி. எண்ணே கிடையாது. ஆர்.சி.-ஆர்டர் என்ற ஒரு சிறு புரோகிராம் எல்லாத் தலைப்புகளையும் படித்து, வரிசையைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும்.

எப்படிக் கணக்கிடும்? நாமும் கணக்கிட்டுப் பார்ப்போம். ஆறு வேலைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

வட்டுச் சோதனை: யாரும் முன்னதாக வேண்டாம்.
கோப்பு இணைப்பு: வட்டுச் சோதனை வேண்டும்.
வலையமைப்பு: கோப்பு இணைப்பு வேண்டும்.
பதிவேடு: கோப்பு இணைப்பு வேண்டும்.
கடிகாரம்: வலையமைப்பு வேண்டும்.
அஞ்சல்: வலையமைப்பும் பதிவேடும் வேண்டும்.

வழி இதுதான். யாருடைய தேவையும் இல்லாத வேலையை முதலில் எடுங்கள். அது வட்டுச் சோதனை. அதை எழுதிவிட்டு, மற்றவர்களின் தேவைப் பட்டியலிலிருந்து அதன் பெயரை அடித்துவிடுங்கள். இப்போது கோப்பு இணைப்புக்கு எந்தத் தேவையும் பாக்கி இல்லை. அதை எடுங்கள், பெயரை அடியுங்கள். அடுத்து வலையமைப்பும் பதிவேடும் விடுதலையாகின்றன. இப்படியே போனால் எல்லாம் முடியும். ஏ. பி. கான் என்பவர் 1962இல் வெளியிட்ட முறை இது. யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இந்த வகைக் கணக்கைச் செய்யும் கட்டளை ஒன்று வேறொரு வேலைக்காக இருந்தது!

ஆறு வேலைகளை மனம்போனபடி அடுக்கினால் 720 வரிசைகள் கிடைக்கும். அவற்றில் நம் தேவைகளுக்குப் பொருந்துபவை எத்தனை தெரியுமா? வெறும் 5. முதல் இரண்டு இடங்களும் மாறாதவை. அதன்பின் வருவது இவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும்:

வலையமைப்பு, பதிவேடு, கடிகாரம், அஞ்சல்;
வலையமைப்பு, பதிவேடு, அஞ்சல், கடிகாரம்;
வலையமைப்பு, கடிகாரம், பதிவேடு, அஞ்சல்;
பதிவேடு, வலையமைப்பு, கடிகாரம், அஞ்சல்;
பதிவேடு, வலையமைப்பு, அஞ்சல், கடிகாரம்.

எடுக்க ஒன்றுமே கிடைக்காமல் நடுவில் நின்றுவிட்டால்? அ என்பதற்கு ஆ வேண்டும், ஆ என்பதற்கு அ வேண்டும் என்று யாரோ எழுதிவிட்டார்கள் என்று பொருள். இந்தச் சுழலைப் புரோகிராம் கண்டுபிடித்து எச்சரிக்கும். எண் முறையில் இப்படி ஒரு முரண்பாடு இருந்தாலும் அது வெளியே தெரியாது.

ஒரே சமயத்தில் பலர்

தேவைகள் எழுத்தில் வந்துவிட்டதால் இன்னொரு லாபமும் கிடைத்தது. தொடர்பில்லாத வேலைகளை ஒரே சமயத்தில் தொடங்கலாம். 2006இல் வந்த அப்ஸ்டார்ட், 2010இல் லெனார்ட் பெட்டரிங், கே ஸீவர்ஸ் ஆகியோர் அறிவித்த சிஸ்டம்-டி ஆகியவை இந்த வழியில் சென்றன. 2011இல் ஃபெடோரா 15, 2015இல் டெபியன் 8 ஆகிய லினக்ஸ் வெளியீடுகள் சிஸ்டம்-டியை ஏற்றுக்கொண்டன.

நம் ஆறு வேலைகளுக்கும் ஒரு கணக்குப் போடுவோம். வட்டுச் சோதனைக்கு 4 நொடி, கோப்பு இணைப்புக்கு 1, வலையமைப்புக்கு 5, பதிவேட்டுக்கு 1, கடிகாரத்துக்கு 3, அஞ்சலுக்கு 2 என்று வைத்துக்கொள்வோம். ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தால் 16 நொடி. முடிந்தவற்றை ஒரே சமயத்தில் செய்தால் 13 நொடி. இந்த 13 எப்படி வந்தது? வட்டுச் சோதனை, கோப்பு இணைப்பு, வலையமைப்பு, கடிகாரம் என்ற சங்கிலியின் நீளம் அது. பதிவேட்டை எவ்வளவுதான் விரைவுபடுத்தினாலும் ஒரு நொடிகூடக் குறையாது. மிக நீண்ட சங்கிலியைக் குறைத்தால்தான் பயன்.

சிஸ்டம்-டியில் நுட்பமான ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். 'எனக்கு வலையமைப்பு வேண்டும்' என்பது ஒரு வரி. 'வலையமைப்புக்குப் பின் என்னை எழுப்பு' என்பது வேறொரு வரி. முதல் வரியை மட்டும் எழுதினால் இரண்டும் ஒரே சமயத்தில் எழுந்துவிடும். தேவை என்பது ஒன்று, வரிசை என்பது மற்றொன்று என்று பிரித்துச் சிந்திக்க அது நம்மைப் பழக்குகிறது.

எல்லோரும் இந்த மாற்றத்தை விரும்பினார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரே அமைப்புக்குள் இத்தனை பொறுப்புகளைக் குவிப்பதா என்று பலர் எதிர்த்தார்கள். ஸ்லாக்வேர் என்ற லினக்ஸ் வெளியீடு பெர்க்லி பாணியிலான எளிய ஆர்.சி. ஸ்கிரிப்டுகளையே வைத்துக்கொண்டது. படித்தால் விளங்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். அதிலும் நியாயம் இருக்கிறது.

எந்த முறையானாலும் சில விதிகள் பொது. ஒரு கோப்புக்கு ஒரு வேலை. கொடுத்ததைத் திருத்தாமல், உங்கள் மாற்றத்தைத் தனிக் கோப்பில் வையுங்கள். எதையும் மாற்றுவதற்கு முன் பழையதற்கு ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் முக்கியமாக, காரணத்தை எழுதி வையுங்கள். இடம் மாறலாம், எண் மாறலாம், ஆள் மாறலாம். காரணம் எழுத்தில் இருந்தால், சரியான வரிசையை எவரும் மறுபடியும் கண்டுபிடித்துவிடலாம்.

நீங்களே செய்து பாருங்கள்

1. உங்கள் வீட்டில் காலையில் நடக்கும் எட்டு வேலைகளை எட்டுத் துண்டுச் சீட்டுகளில் எழுதுங்கள். ஒவ்வொன்றின் கீழும் அதற்கு முன்னதாக முடிய வேண்டியவற்றை எழுதுங்கள். மேலே சொன்ன முறையில் வரிசைப்படுத்துங்கள். மிக நீண்ட சங்கிலி எது?

2. லினக்ஸ் கணிப்பொறி கிடைத்தால், ஆங்கிலத்தில் டி, எஸ், ஓ, ஆர், டி என்ற ஐந்து எழுத்துகளைத் தட்டி அனுப்புங்கள். பிறகு ஒரு வரிக்கு இரண்டு சொற்களாக, முன்னது, பின்னது என்று எழுதுங்கள். கடைசியில் கன்ட்ரோல் விசையுடன் டி விசையை அழுத்துங்கள். வரிசை திரையில் வரும். வேண்டுமென்றே ஒரு சுழலை எழுதி, அது என்ன சொல்கிறது என்றும் பாருங்கள்.

3. நம் எடுத்துக்காட்டில் 'அஞ்சலுக்குக் கடிகாரமும் வேண்டும்' என்று ஒரு வரியைச் சேர்த்தால், பொருத்தமான வரிசைகள் எத்தனை மிஞ்சும்? மொத்த நேரம் 13 நொடியிலிருந்து எவ்வளவாகும்?

மூன்றாம் கேள்விக்கு விடை: 3 வரிசைகள், 15 நொடி. உண்மையில் இல்லாத ஒரு தேவையை எழுதி வைத்தால் எவ்வளவு நேரம் வீணாகிறது, பார்த்தீர்களா?